தெளிவதற்கு ஒரு கடை உண்டா?

நம்மாள் ஒருவர் குடியை விட்டுவிடுவதென்று முடிவு செய்துவிட்டார். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் உங்கள் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நேரம் விடியற்காலை ஐந்தரை. டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டுகிறது. வியர்க்கிறது, குமட்டுகிறது. "இன்னையோட சரி" என்கிறார். அந்த வேளையில் அவருக்குக் கை கொடுக்க ஊரில் விழித்திருப்பவர் ஒரே ஒருவர்தான்: பூட்டிய கடைக்குப் பின்னால் சந்தில் நின்று, பாட்டிலுக்கு ஐம்பதோ நூறோ கூட வைத்து பிளாக்கில் விற்கிறவர். சேவை என்றால் அது சேவை. எந்த மருத்துவமனையும் அந்த நேரத்தில் நம்மாளை "வாண்ணே, உக்காருண்ணே" என்று அழைத்ததில்லை.

முறையான கடை பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும். நடத்துவது தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக். அது இருப்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ். விற்பதும் அதே துறை, விலக்குவதும் அதே துறை, கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவரைப் பிடிக்கச் சட்டம் வைத்திருப்பதும் அதே துறை. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில், தான் விலக்கிய லட்சணத்தை அட்டவணை போட்டே காட்டுகிறது. மது மூலம் வந்த வருவாய் 2023-24இல் 45,855 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி ரூபாய். விலக்கிக்கொண்டிருக்கும்போதே ஓராண்டில் ஏறத்தாழ 2,500 கோடி கூடியிருக்கிறது. வளர்க்கவேண்டும் என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அந்தத் துறைப் பெயரின் முதல் சொல்லை எடுத்துவிட்டால் அரசுக்கு நேர்மையும் மிஞ்சும், பலகையில் பெயிண்டும் மிஞ்சும்.

இதில் ஒரு கட்சியை மட்டும் திட்டி மனதை ஆற்றிக்கொள்ள வழியில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் விழுந்த வருமான ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தள்ளிவைத்தது, 1974இல் திரும்ப எடுத்து மாட்டியது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மறுபடி கழற்றியது. 1983இல் டாஸ்மாக்கைத் தொடங்கியது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அரசின் கல்லாவுக்கே கொண்டுவந்தது. ஆக, மது திரும்பி வந்துவிட்டது. மதுவுக்குப் பதிலாக வந்த வரியும் போகவில்லை. காந்தி பிறந்தநாளுக்கும் வள்ளுவர் நாளுக்கும் வள்ளலார் நினைவு நாளுக்கும் கடை மூடியிருக்கும். முந்தைய நாள் மாலை கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், இந்தப் பெரியவர்கள் மீது நமக்கிருக்கும் பக்தி விளங்கும். கள்ளுண்ணாமை அதிகாரத்தை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில்தான் வைத்தார். அரசு அதை மட்டும் சரியாகப் படித்திருக்கிறது.

நம்மாளுக்கு வருவோம். முடிவெடுத்ததை முதலில் நண்பர்களிடம் சொல்கிறார். நண்பர்கள் பதறிப்போகிறார்கள். தினமும் ஒரு குவார்ட்டர்தானே, அதுவும் வேலை முடிந்து, அதுவும் சொந்தக் காசில், இதற்குப் பெயர் குடியா? "நீ என்ன ரோட்லயா விழுந்து கெடக்குற?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் குடிநோய்க்கு அளவுகோல் சாக்கடை. அதில் விழாதவரை எல்லோரும் ஆரோக்கியசாலிகள்.

கணக்கு என்ன சொல்கிறது? ஒரு குவார்ட்டர் 180 மில்லி. லேபிளில் பொடி எழுத்தில் 42.8 சதவீதம் என்றிருக்கும். பெருக்கிப் பார்த்தால் அந்தச் சின்ன பாட்டிலுக்குள் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அளவு என்று எண்ணுகிறது. அப்படியானால் நம்மாளின் 'ஒண்ணே ஒண்ணு' உண்மையில் ஆறு. அதே நிறுவனம் குடிப்பழக்கத்தை எடைபோடப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறது. ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது அதில் மூன்றாவது கேள்வி. நம்மாள் தினமும் அந்தக் கேள்விக்குள்ளேயே குடியிருக்கிறார். கட்டிங் போட்டால் பாதி என்பீர்கள். கட்டிங் போட்டவர் அத்தோடு எழுந்துபோன வரலாறு எந்த பாரிலாவது உண்டா?

அதைவிடச் சின்னப் படிவம் ஒன்றும் மருத்துவர்களிடம் உண்டு; நாலே கேள்வி. குறைக்கவேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? குடியைப் பற்றி யாராவது பேசினால் கோபம் வருகிறதா? குடித்ததற்காக உள்ளுக்குள் குறுகியதுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்க ஒரு வாய் ஊற்றவேண்டியிருக்கிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' வந்தாலே மருத்துவரைப் பார்க்கவேண்டும். காசில்லாமல் கேட்கக்கூடிய இந்த நாலு கேள்வியை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெயர் கூப்பிட்டு மாத்திரை கொடுக்கும் இடங்களில் எல்லோரிடமும் கேட்கிறார்களா? கேட்டால் வரிசை நீண்டுவிடும். கடைக்கு முன்னால் வரிசை நீளலாம், ஆஸ்பத்திரியில் நீளக்கூடாது.

நண்பர்களிடமிருந்து தப்பித்தால் குடும்ப வைத்தியம். தமிழ்நாட்டில் அதிகமாக எழுதிக்கொடுக்கப்படும் குடிநோய் மருந்து எது தெரியுமா? ஒரு பெண். "ஒரு கால்கட்டுப் போட்டுட்டா பய சரியாயிடுவான்." பையன் குடிப்பது மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெண் வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து, மருத்துவர்கள் பல மாதம் பாடுபட்டுச் செய்யும் வேலையைத் தாலி கட்டிய மறுநாளிலிருந்து செய் என்கிறார்கள். அவள் மருந்து, செவிலி, காவலாளி, அடிவாங்கும் சுவர். மருந்து வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டவேண்டும் அல்லவா? "ஒரு கொழந்த பொறந்தா திருந்திடுவான்." பிறந்த குழந்தைக்கும் இப்படிப் பிறக்கும்போதே ஒரு வேலை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். இத்தனைக்கும் பிறகு அவன் திருந்தாவிட்டால் ஊர் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லும்: "அவ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கப்போறான்?" இந்த வைத்தியம் பார்த்த மாமாக்களையும் அத்தைகளையும் எந்த மருத்துவக் கவுன்சிலும் விசாரிப்பதில்லை. குடி ஒரு நோய் என்று சொல்லும் கூட்டத்தில் நானும் ஒருவன்தான். அதற்காக, நோயாளி என்ற சீட்டைக் காட்டி அடித்த அடிக்கு யாரும் மன்னிப்பு வாங்கிக்கொள்ளமுடியாது. நோய்க்கு மருத்துவமனை, அடிக்குக் காவல் நிலையம். இரண்டும் வேறு வேறு வாசல்.

அடுத்தது சாமி. கயிறு கட்டுகிறார்கள், சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்குகிறார்கள், மாலை போடவைக்கிறார்கள். நம்பிக்கையைக் கேலி செய்ய நான் வரவில்லை. நம்பிக்கையோடு மண்டலம் முழுக்கச் சுத்தமாக இருந்து, அதையே பிடித்துக்கொண்டு மீண்டவர்களும் உண்டு. மாலையைக் கழற்றிய கையோடு, இருமுடிப் பை இன்னும் வீட்டு மூலையில் இருக்கும்போதே, விட்ட நாட்களுக்கும் வட்டி போட்டுக் குடிப்பவர்களும் உண்டு. என் கோபம் அதிலும் இல்லை. தினமும் காலையிலிருந்தே குடித்துப் பழகிய ஒருவரை ஒரே நாளில் முற்றிலுமாக நிறுத்தவைத்து, பக்கத்தில் ஒரு மருத்துவரைக்கூட வைக்காமல், கயிற்றை நம்பி விட்டுவிடுகிறோமே, அதில்தான்.

நடப்பது இதுதான். மது மூளையை அமுக்கிவைக்கிற பொருள். ஆண்டுக்கணக்கில் அமுக்கினால், அதை எதிர்த்து மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். சட்டென்று மதுவை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். ஆளில்லாமல் சரிவில் ஓடும் வண்டி மாதிரி. முதல் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவே தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். நம் வீடுகளில் இதற்குக் காத்து கருப்பு என்று பெயர். உடனே வேப்பிலை வருகிறது. வரவேண்டியது ஆம்புலன்ஸ். கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும் நிலை இது. முறையாகக் கவனித்தால், சில நாள் அளவோடு கொடுத்து மெல்லக் குறைக்கும் அமைதி மாத்திரைகளாலும், தையமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியாலும் பெரும்பாலோரைக் கரைசேர்த்துவிடலாம். அந்த வைட்டமினைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகும் ஆபத்து உண்டு. "ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்துங்க, தெளிஞ்சிடும்" என்று கேட்கும் நமக்கும், கேட்டதும் ஏற்றிவிடும் தெருமுனை கிளினிக்குக்கும் இது தெரியவேண்டும்.

"மனசு வச்சா முடியும்" என்று அறிவுரை சொல்லும் பெரியவர்கள் இந்த நான்கு நாட்களில் எங்கே போய்விடுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. வலிப்புக்கு மனசு தெரியுமா? நம் சினிமாவுக்கும் இந்த நான்கு நாட்கள் தெரியாது. காதல் தோல்வியில் நாயகன் தாடி வளர்ப்பான், குடிப்பான், ஆடுவான். திரையின் ஓரத்தில் மது கேடு என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி ஊரும். மூன்றாம் நாள் படுக்கையை நனைத்துக்கொண்டு, யார் மகன் என்றே தெரியாமல் உளறும் நாயகனுக்கு யாரும் பாட்டுப் போடுவதில்லை.

இதற்கிடையில் ரகசியப் பொடி விற்பவர் வந்துவிடுகிறார். பேருந்தின் பின்புறத்தில், சுவரில், கைபேசியில், எங்கும் அவரே. "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்." இது யாரைக் குறிவைத்த விளம்பரம் என்று பாருங்கள். அடிவாங்கி அலுத்துப்போன மனைவியை. அவளுடைய கடைசிக் கம்மலை. அந்தப் பொட்டலத்தில் சாம்பலும் சர்க்கரையும் இருந்தால் அவள் அதிர்ஷ்டசாலி, கம்மலோடு போகும். டைசல்ஃபிராம் மாதிரி ஒன்றை யாராவது பொடித்து வைத்திருந்தால்தான் வினை. ரப்பர் தொழிலில் பயன்பட்ட வேதிப்பொருள் அது. மதுவோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்பதை 1940களில் டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். மதுவை உடம்பு உடைக்கும் வேலையைப் பாதியில் நிறுத்தி, அசிட்டால்டிஹைடு என்கிற நஞ்சை ரத்தத்தில் தேங்கவைக்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல வேலி. தெரியாமல் சாம்பாரில் கலந்தால் அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, விஷம் வைப்பது. கடைசியில் ஜெயிலுக்குப் போவது யார்? விற்றவரா, கலந்தவளா?

எல்லாம் தோற்றபின் வருகிறது வேன். இரவு பதினொரு மணிக்கு நாலு தடியர்கள் இறங்குவார்கள். நம்மாளைக் கையைக் காலைக் கட்டித் தூக்கிப் போடுவார்கள். அக்கம்பக்கம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துக்கொள்ளும். போகும் இடத்துக்கு மறுவாழ்வு மையம் என்று பெயர். 'மறு' என்பதற்கு அங்கே பெரும்பாலும் அடுத்த ஜென்மம் என்று பொருள். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ மொத்தமாகப் பணம். முதல் மாதம் யாரும் பார்க்கக்கூடாது, போன் பேசக்கூடாது. மருத்துவர் யார் என்று கேட்டால் சுவரில் ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள், ஆளைக் காட்டமாட்டார்கள். போன ஆண்டு அடிவாங்கியவரே இந்த ஆண்டு பிரம்பு பிடித்த வார்டன். வலிப்பு வந்தால் நடிக்கிறான் என்று இன்னும் நாலு போடுவார்கள். உள்ளே போனவர் பிணமாக வெளியே வந்து கொலை வழக்குப் பதிவான மையங்கள் இந்த மாநிலத்தில் உண்டு. செய்தி வந்ததும் அதிகாரிகள் வந்து பூட்டுவார்கள். பூட்டும்போதுதான் அந்த மையத்துக்கு அனுமதியே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவரும். நாலு தெரு தள்ளி இன்னொரு பெயரில் பலகை ஏறும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகும் நமக்குச் சங்கிலி மீதான காதல் தீரவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்பையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. சங்கிலி போடக்கூடாது என்கிறது. இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்கிறது. தானாக வந்து சேர்ந்தவர் போகவேண்டும் என்றால் விடவேண்டும் என்கிறது. தானாக முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவரைச் சேர்ப்பதற்குத் தனியாக நடைமுறை, நாள் வரம்பு எல்லாம் எழுதிவைத்திருக்கிறது. நல்ல சட்டம். வேன் ஓட்டுகிறவர்களுக்குப் படிக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எதுதான் சரியான சிகிச்சை? இங்கேதான் நம் நாட்டாமைகளுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மருந்து என்று எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 1997இல் வெளிவந்தது. சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி, உள்ளத்திலுள்ள விருப்பத்தைத் தூண்டும் உரையாடல், பன்னிரண்டு படிகள் என்ற சுயஉதவிக் குழுப் பாதை, இந்த மூன்றையும் ஒப்பிட்டார்கள். யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே பொருத்திப் பார்ப்பதுதான் நோக்கம். மூன்றுமே ஏறத்தாழ ஒரே அளவுக்குப் பலன் தந்தன. ஆக, முறை எது என்பதைவிட, ஏதாவது ஒன்றில் சேர்ந்து தொடர்ந்து போவது பெரிது. அந்த மூன்றிலும் உதை இல்லை, சங்கிலி இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலை நடுக்கம் இல்லாமல், அளவு மட்டும் மிஞ்சிப் போனவருக்கு மருத்துவரோடு சில உரையாடல்களே போதுமானதாக இருக்கலாம். அவர் குறைத்துக்கூடப் பார்க்கலாம். நடுக்கம் வந்துவிட்டவருக்குக் குறைக்கிறேன் என்பது பெரும்பாலும் ஏமாற்று. அவர் மருத்துவர் துணையோடு முழுதாக நிறுத்தவேண்டும். முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர், வேறு நோய் உள்ளவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாதவர், இவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கித்தான் நிறுத்தவேண்டும். பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், பாக்லோஃபென் என்று மருந்துகள் உண்டு. கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து மருத்துவர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும், மருந்துக்கடைத் தம்பி அல்ல.

அதோடு, காசு வாங்காத ஓர் இடமும் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். தமிழிலும் இதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர்ப் பலகையோ பொன்னாடையோ இல்லை. தமிழ்நாட்டில் இப்படி ஓர் அமைப்பு ஓடுவதே அதிசயம். 2020இல் காக்ரேன் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், முழுதாக நிறுத்திவைப்பதில் இந்த வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, சில அளவுகளில் மேலானதும்கூட என்று தெரிந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், குடிநோயாளியோடு அவர் குடும்பத்தையும் உட்காரவைத்துச் சிகிச்சை தரமுடியும் என்று காட்டியது. வழி தெரியாமல் யாரும் சாகவில்லை, காட்டாமல்தான் சாகிறார்கள். நடுவில் ஒருமுறை வழுக்கினால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கைதட்டவேண்டாம். சர்க்கரை ஏறினால் மறுபடி மருத்துவரிடம் போவதுபோலத்தான் இதற்கும் போகவேண்டும்.

எத்தனை பேர் போகிறார்கள்? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். தமிழக அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. நல்ல காரியம், வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் 2023இல் 500 கடையை மூடிவிட்டோம் என்று மார்தட்டியபோது மிச்சம் இருந்த கடைகள் 4,829. அந்தக் கடைகளுக்கு இந்த 25ஐப் பங்கு போட்டால், நூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகளுக்கு ஒரு கலங்கரை விளக்கம். கப்பல் எப்படிக் கரைசேரும்? குடிநோய் உள்ள பெண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவள் இருப்பதாகவே ஊர் ஒத்துக்கொள்வதில்லை. பிறகு யார் அவளுக்குப் படுக்கை போடுவது?

"அப்படியென்றால் கடையையே மூடிவிடலாமே" என்பார்கள். 2016 தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாம் அதைத்தான் சொல்லி ஓட்டுக் கேட்டன. மூடினார்கள், 2020இல், நோய்த்தொற்று வந்து. சிகிச்சைக்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் ஒரே நாளில் பூட்டியதில் என்ன நடந்தது? சவரத்துக்குப் பிறகு பூசும் லோஷனையும் வார்னிஷையும் குடித்துச் செத்தார்கள். கடையைத் திறந்துவைத்தால் கள்ளச்சாராயம் வராது என்பது அடுத்த வாதம். கடைகள் எல்லாம் திறந்திருக்கும்போதுதான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பாக்கெட் சாராயம் மலிவு, அரசு சரக்கு விலை அதிகம். கூலிக்காரன் கணக்கு அவ்வளவுதான். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் கை நடுங்கி நின்றாரே, அப்போது அரசிடம் அவருக்கென்று என்ன இருந்தது?

ஆகவே, குடும்பத்தாருக்கு: எந்த மையத்தில் சேர்ப்பதற்கு முன்பும் கேளுங்கள். பதிவு எண் என்ன? மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்? முதல் வாரத்திலேயே நாங்கள் வந்து பார்க்கலாமா? என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று எழுதித் தருவீர்களா? முகம் சுளித்தால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண் இருக்கிறது, இலவசம்.

வாக்காளருக்கு: அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கடையை எப்போது மூடுவீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கான பதில் அவருக்கு மனப்பாடம். அவருடைய அப்பாவுக்கும் மனப்பாடம். எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் குடிநோய்க்கு எத்தனை படுக்கை, மருத்துவர் எந்தக் கிழமை வருவார், பெண்களுக்கு எங்கே இடம் என்று கேளுங்கள். அதற்கு இன்றுவரை எந்தக் கட்சியும் பதில் தயார் செய்யவில்லை.